மாடல் சும்மாதானே நிற்கிறார்?

பிப்ரவரி 2, மாலை 6.15 – ஒரு வாசகரின் கேள்வி

நல்ல கேமரா, நல்ல லைட், அப்புறம் போட்டோஷாப். இந்த மூன்றும் இருந்தால் வழியில் போகிற யாரை வேண்டுமானாலும் நிறுத்தி அட்டைப்படம் எடுத்துவிடலாம். மாடல் என்பவர் துணி மாட்டுகிற ஹேங்கர்தானே? சும்மா நிற்பதற்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்? தொழிலில் இருப்பவர்கள் யாராவது நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்.

பிப்ரவரி 2, இரவு 11.40

தொழிலில்தான் இருக்கிறேன். வயது 26. மூன்று வருடம் அசிஸ்டென்ட்டாக லைட் ஸ்டாண்டுக்கு மணல் மூட்டை சுமந்தேன், இரண்டு வருடமாகத் தனியாக எடுக்கிறேன். நேர்மையாகச் சொல்லச் சொன்னீர்கள். முதல் வருடம் நானும் இதையேதான் நினைத்துக்கொண்டு திரிந்தேன். படம் எடுப்பது நான், இவர்களுக்கு என்ன வேலை என்று.

அந்த நினைப்பு போன கதை இது. ஒரு துணி நிறுவனத்துக்கு இரண்டு நாள் கேட்டலாக் ஷூட். முதல் நாள் ஏஜென்சியிலிருந்து வந்த மாடல். காலை ஒன்பதுக்குத் தொடங்கி மாலை ஆறுக்குள் 64 உடை முடித்தோம். செலவைக் குறைக்கலாம் என்று இரண்டாம் நாள் முதலாளி தன் சொந்தக்காரப் பெண்ணைக் கூட்டி வந்தார். முதல் நாள் மாடலைவிட அழகான பெண், பொய் சொல்லவில்லை. அதே ஸ்டுடியோ, அதே சாஃப்ட்பாக்ஸ், அதே 85 எம்.எம். லென்ஸ், அதே நான். ஸ்டாண்டுகளைத் தரையில் டேப் ஒட்டியிருந்த இடத்திலிருந்து நகர்த்தக்கூட இல்லை. மதியத்துக்குள் நான்கு உடைதான் முடிந்தது. அதில் இரண்டு தேறவில்லை.

கைதான் பிரச்சினை. கையை எங்கே வைப்பது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை, எனக்கும் சொல்லித் தரத் தெரியவில்லை. இடுப்பில் வைத்தால் சண்டைக்கு வந்த மாதிரி இருந்தது. தொங்கவிட்டால் தண்டனைக்கு நிற்கிற மாதிரி. பாக்கெட்டில் விட்டால் துணி மடிப்பு கெட்டது. முதல் நாள் மாடலிடம் கையைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. பேச வேண்டிய தேவையே வரவில்லை.

இன்னொன்றும் அன்று இரவு படங்களைப் புரட்டும்போதுதான் புரிந்தது. ஸ்ட்ரோப் (பளிச்சென்று அடிக்கிற ஸ்டுடியோ ஃப்ளாஷ் லைட்) ஒருமுறை அடித்ததும் மறுபடி சார்ஜ் ஏறக் கொஞ்ச நேரம் பிடிக்கும், ஏறியதும் 'பீப்' என்று சத்தம் வரும். முதல் நாள் மாடல் அந்தச் சத்தத்துக்குத்தான் நகர்ந்திருக்கிறார். பீப், தாடை ஒரு விரல் அளவு திரும்பும். பீப், எடை வலக்காலுக்குப் போகும். பீப், கண் மட்டும் மாறும். கண் கேமராவில், காது என் லைட்டில். நானோ என் தாளத்துக்கு அவர் ஆடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 3, காலை 8.05

ஹேங்கர் என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு பதில். அதை முதலில் சொன்னதே ஒரு மாடல்தான். லீசா ஃபோன்சாக்ரீவ்ஸ், நடனம் பயின்றவர், 1930களிலிருந்து 50கள் வரை இந்தத் தொழிலின் உச்சியில் இருந்தவர். எப்போதும் உடைதான் முக்கியம், பெண் அல்ல, நான் ஒரு நல்ல துணி ஹேங்கர், அவ்வளவுதான் என்ற பொருளில் பேசியிருக்கிறார்.

அவரை எர்வின் ப்ளூமன்ஃபெல்ட் 1939-ல் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். ஈஃபில் கோபுரத்தின் இரும்புச் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறார். பாவாடை காற்றில் விரிந்து பறக்கிறது. கீழே பாரிஸ் நகரம் முழுக்க மங்கலாகக் கிடக்கிறது. முகத்தில் பயத்தின் சுவடே இல்லை. ஹேங்கராம்! தொங்கினார் என்பது மட்டும் உண்மை.

பிப்ரவரி 3, காலை 8.20

என்னை அண்ணா என்று கூப்பிட்ட மூவருக்கும்: அண்ணா இல்லை. அதற்காக அக்கா என்று மாற்ற வேண்டாம், உங்களில் பாதிப் பேருக்கு நான் சின்னவளாகத்தான் இருப்பேன். கேமராவோடு அதைவிடக் கனமான கேஸ்களையும் தூக்குவதால் கூரியர் கொண்டு வருபவர்கள்கூட "போட்டோகிராஃபர் சார் எங்கே" என்று என்னிடமே கேட்பது வழக்கம். வருவார், உட்காருங்கள் என்று சொல்லிவிடுவேன்.

பிப்ரவரி 4, இரவு 10.30

"சும்மா நிற்பது" பற்றி இன்னும் ஒன்று ஞாபகம் வந்தது.

இந்தத் தொழிலில் பருவம் எப்போதும் தலைகீழ். கோடை உடைகள் கடைக்கு வருவதற்குப் பல மாதம் முன்பே படம் தயாராக வேண்டும். அதனால் குளிரில் நீச்சலுடை, கொதிக்கிற வெயிலில் கம்பளிக் கோட்டு. ஒரு விடியற்காலை, ஏரிக்கரை, மெல்லிய பருத்தி உடை. நான் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தேன். முதல் பத்துப் படங்களிலும் மாடலின் வாயிலிருந்து புகை மாதிரி மூச்சு தெரிந்தது. வெயிலில் சிரிக்கிற பெண்ணின் வாயில் பனிமூச்சு வந்தால் குட்டு உடைந்துவிடும். சரி, கணினியில் அழித்துக்கொள்ளலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் பேசாமல் போய்த் தன் பையிலிருந்து ஒரு ஃப்ளாஸ்க்கை எடுத்தார். சூடாக ஏதோ குடிக்கப் போகிறார் என்று பார்த்தால், உள்ளே ஐஸ் கட்டிகள். ஒன்றை வாயில் போட்டு அரை நிமிடம் வைத்திருந்து துப்பிவிட்டு, "இப்போது எடுங்கள், இருபது விநாடி கிடைக்கும்" என்றார். வாய்க்குள் குளிர்ந்துவிட்டால் மூச்சு வெளியே புகையாகத் தெரியாது. தோளில் மயிர்க்கூச்செறிந்து நிற்கிறது, வாயில் ஐஸ், முகத்தில் ஜூன் மாதம். அந்த ஐஸை முந்தின இரவு அவரே வீட்டில் உறைய வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். கால் ஷீட்டில், அதாவது ஷூட்டுக்கு முன்பு எல்லோருக்கும் அனுப்புகிற விவரத் தாளில், வானிலையைக் குறிப்பிட்டிருந்தது நான். அதைப் படித்துவிட்டு யோசித்தது அவர்.

பிப்ரவரி 5, மாலை 4.00

மேலே ஒருவர் 1933 படத்தைக் கொண்டுவந்து என்னை மடக்கியிருக்கிறார். நியாயமான அடிதான். ஹங்கேரியில் விளையாட்டுப் படம் எடுத்துப் பழகிய மார்ட்டின் முன்காச்சி, ஹார்ப்பர்ஸ் பஸார் இதழுக்காகக் கடற்கரையில் ஒரு பெண்ணை ஓடவிட்டு எடுத்த நீச்சலுடைப் படம். லூசில் ப்ரோகா என்ற அந்தப் பெண் தொழில்முறை மாடல் அல்ல. அதுவரை ஸ்டுடியோவுக்குள் சிலை மாதிரி நின்றுகொண்டிருந்த ஃபேஷன் படம் வெளியே ஓட ஆரம்பித்தது அந்தப் படத்தால்தான் என்று சொல்வார்கள்.

ஒப்புக்கொள்கிறேன். யாரையாவது நிறுத்தி ஒரு நல்ல படம் எடுக்க முடியும். ஓடச் சொன்னால் இன்னும் எளிது, ஓடுகிறவருக்குக் கையை எங்கே வைப்பது என்ற கவலை இல்லை. ஆனால் ஒரே நாளில் 64 உடை?

பிப்ரவரி 5, மாலை 4.10

படத்தில் மட்டும் உடை எப்படி இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது, பின்னால் கிளிப் போடுகிறீர்களா என்று தையல் தெரிந்த வாசகி கேட்டதற்கு: ஆமாம், கிளிப்தான். முன்பக்கம் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிற சட்டையின் முதுகைப் பார்த்தால் சிரிப்பீர்கள். ஏழெட்டு கிளிப் வரிசையாக, முள்ளம்பன்றி மாதிரி. உங்கள் தையலில் குற்றம் இல்லை. சாம்பிள், அதாவது ஷூட்டுக்கு வருகிற மாதிரி உடை, ஒரே அளவில்தான் வரும், மாடல் அந்த அளவில் வரமாட்டார், கிளிப் போட்டுச் சமாதானம் செய்துவைப்போம்.

பிப்ரவரி 7, இரவு 12.15

தூக்கம் வரவில்லை. யானைப் படத்தைப் பற்றி எழுதுகிறேன்.

எடுத்தவர் ரிச்சர்ட் அவெடான், 1955 ஆகஸ்ட், பாரிஸில் ஒரு சர்க்கஸ் அரங்கம். சங்கிலி கட்டிய யானைகளுக்கு நடுவே நீண்ட கறுப்பு மாலை உடையில் டோவிமா என்ற மாடல். ஒரு கை யானையின் துதிக்கைமேல், இன்னொரு கை காற்றில். இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லோரும் முதல் வாரமே பார்க்கிற படம். கிறிஸ்டியன் டியோர் தைத்த உடை.

டோவிமா என்பது டொரோத்தி, வர்ஜீனியா, மார்கரெட் என்ற அவருடைய மூன்று பெயர்களின் முதல் அசைகளைக் கோத்த பெயர். தன் காலத்தில் மிக அதிகச் சம்பளம் வாங்கிய மாடல்களில் ஒருவர். பிற்காலத்தில் ஃப்ளோரிடாவில் ஒரு பீட்சா உணவகத்தில் வருகிறவர்களை வரவேற்று உட்காரவைக்கிற வேலை பார்த்தார். 1990-ல் இறந்துபோனார். அந்தப் படத்தின் பெரிய பிரிண்ட் ஒன்று 2010-ல் பாரிஸில் ஏலத்துக்கு வந்தது. போன விலை 8,41,000 யூரோ.

அதில் டோவிமா தரப்புக்கு ஒன்றும் இல்லை, இருக்கவும் முடியாது. படத்தின் உரிமை எடுத்தவருக்கு. அன்றும் அப்படித்தான், பெரும்பாலும் இன்றும் அப்படித்தான். நிற்பவருக்கு அன்றைய கூலியும், எத்தனை நாள் எங்கெங்கே போடுவார்கள் என்பதற்குப் பேசிய தொகையும். அது தீர்ந்தால் தீர்ந்தது.

அந்தப் படத்தில் தனக்கு ஒரு குறை இருப்பதாக அவெடான் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இடுப்பில் கட்டிய வெள்ளைப் பட்டை சரியாக விழவில்லையாம். முதலில் படித்தபோது, மனுஷன் எவ்வளவு கண்கொத்திப் பாம்பு என்று வியந்தேன். இப்போது அதை நினைத்தால் வேறு மாதிரி உறுத்துகிறது. ஏன் என்று இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பிப்ரவரி 7, காலை 9.30

திருத்தம். ராத்திரி டியோர் தைத்த உடை என்று எழுதிவிட்டேன். டியோர் நிறுவனத்தின் உடைதான், ஆனால் வடிவமைத்தவர் அங்கே அப்போது உதவியாளராக இருந்த ஈவ் சான் லோரான். வயது 19. மூன்று வருடம் உதவியாளராக இருந்தவளே இன்னொரு உதவியாளரின் பெயரை விழுங்கிவிட்டேன் பாருங்கள்.

பிப்ரவரி 8, மாலை 7.45

"ஒரு நாளைக்குப் பத்தாயிரம் டாலர் வாங்குபவர்களுக்கு என்ன பரிதாபம்" என்று கேட்டவருக்கு. அதற்குக் குறைவாக என்றால் படுக்கையைவிட்டே எழ மாட்டோம் என்று மாடல் லிண்டா எவாஞ்செலிஸ்டா 1990-ல் சொன்னார். அந்த வருட ஜனவரியில் பிரிட்டிஷ் வோக் இதழின் அட்டையில் பீட்டர் லிண்ட்பெர்க் எடுத்த படத்தில் வந்த ஐந்து பேரில் ஒருவர். உலகத்துக்கே ஐந்து பேர் ஐயா. அவர்களை வைத்து மற்றவர்களைக் கணக்குப் போடுவது, பரிசுச்சீட்டில் ஜெயித்தவரைப் பார்த்துப் பரிசுச்சீட்டு வாங்குகிறவர்கள் எல்லாம் பணக்காரர்கள் என்று சொல்வது மாதிரி.

நான் பார்க்கிற மாடல்களின் கணக்கு வேறு. சம்பளத்தில் ஏஜென்சி கமிஷன், பல இடங்களில் ஐந்தில் ஒரு பங்கு. வாடிக்கையாளரிடமும் ஏஜென்சி தனியாக வாங்கிக்கொள்ளும். டெஸ்ட் ஷூட், காம்ப் கார்டு அச்சு, தங்கும் அறை, விமான டிக்கெட் எல்லாவற்றையும் ஏஜென்சி முன்பணமாகப் போட்டு, அப்புறம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். வேலைக்கு வரும்போதே கடனோடு வருகிறார்கள். புகழ்பெற்ற இதழில் நான்கு பக்கம் வந்தால் பெயர் கிடைக்கும், காசு கிடைப்பது கேட்டலாக்கில். இது எனக்கும் பொருந்தும். சுவரில் மாட்டியிருக்கிற படங்கள் எல்லாம் சும்மா எடுத்துக் கொடுத்தவை. வாடகை கட்டுவது வெள்ளைப் பின்னணியில் எடுத்த பேன்ட் படங்கள்.

காம்ப் கார்டு என்றால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். மாடலின் விசிட்டிங் கார்டு மாதிரி. முன்னால் ஒரு முகம், பின்னால் சில படங்கள், உயரம், அளவுகள், காலணி அளவு. அதில் உள்ள எண்களை நான் ஜாதகத்தில் உள்ள உயரம் மாதிரிதான் நம்புவேன். கூடவே மேக்கப் இல்லாமல் சுவரோரம் நிற்கவைத்து எடுத்த படங்களும் அனுப்புவார்கள். அவற்றுக்கு இன்னும் 'போலராய்ட்' என்றுதான் பெயர். போலராய்ட் நிறுவனம் அந்த ஃபிலிம் தயாரிப்பதை நிறுத்துவதாக 2008-லேயே அறிவித்துவிட்டது, இப்போது எடுப்பது செல்பேசியில். பெயர் மட்டும் போகவில்லை.

பிப்ரவரி 9, காலை 7.10

"என் மகளுக்கு 15 வயது, நல்ல உயரம், மாடலிங்கில் சேர்க்கலாமா" என்று கேட்ட அம்மாவுக்கு.

நான் எடுக்க மாட்டேன். அது என் முடிவு, உங்களுடையது உங்கள் கையில். ஆனால் சிலது சொல்லிவைக்கிறேன். சேருவதற்கே பணம் கேட்கிற ஏஜென்சி ஏஜென்சி அல்ல. எங்கள் போட்டோகிராஃபரிடம்தான் போர்ட்ஃபோலியோ எடுக்க வேண்டும் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஷூட்டுக்கு நீங்களும் கூடவே போங்கள், வெளியே காத்திருக்கச் சொன்னால் ஷூட்டே வேண்டாம். பெரிய இடங்களே இதில் தாமதமாகத்தான் விழித்தன. பெரியவர்களுக்கான உடையை 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் போட்டுக் காட்டுவதில்லை என்று எல்.வி.எம்.ஹெச்., கெரிங் என்ற பெரிய ஃபேஷன் நிறுவனங்கள் இரண்டும் எழுத்தில் ஒப்புக்கொண்டது 2017-ல். தன் இதழ்களுக்குக் குறைந்த வயது 18 என்று வோக் இதழை வெளியிடும் கான்டே நாஸ்ட் வைத்தது அதற்கு அடுத்த வருடம். நூறு வருடத்துக்கு மேல் பழைய தொழில் இது.

பிப்ரவரி 9, இரவு 9.50

"நீங்கள் பெண் என்பதால் மாடல்களுக்கு உங்களிடம் பயம் இருக்காது" என்று ஒருவர் அன்பாக எழுதியிருக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்து மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

கேட் மாஸ் என்ற மாடலை உலகுக்குக் காட்டிய 1990 கோடைக்காலப் படங்கள் இருக்கின்றன. எடுத்தவர் கொரின் டே. பெண், அவரே முன்பு மாடலாக இருந்தவர், தோழி. மாஸுக்கு அப்போது 16 வயது. பளபளப்பு இல்லாத, பக்கத்து வீட்டுப் பெண் மாதிரியான அந்தப் படங்களைத்தான் என் தலைமுறை முழுக்கக் காப்பியடிக்கிறது. விருப்பமில்லாததைச் செய்யும்படி அந்த நாட்களில் தன்னை வற்புறுத்தியதையும், தான் அழுததையும் மாஸ் பல வருடம் கழித்துச் சொன்னார். படத்தில் சிரிக்கிறார். நானும் அந்தச் சிரிப்பைப் பிரிண்ட் எடுத்து மேசைமுன் ஒட்டிவைத்திருந்தேன்.

எடுப்பவர் ஆணா பெண்ணா என்பதைவிட, அடுத்த வேலைக்கு யாரைக் கூப்பிடுவது என்பது யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். என் கையில் இருக்கிறது. எனக்கு 26 வயதுதான், வாடகை பாக்கி இருக்கிறது, இருந்தாலும் என் கையில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 11, இரவு 11.55

சரி, யானைப் படத்தில் பாக்கி வைத்ததை எழுதிவிடுகிறேன். நான்கு நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன்.

போன வருடம் ஒரு சின்ன டிசைனரின் உடைகளுக்கு ஷூட். வெள்ளைக் காகிதப் பின்னணி. காலணிகள் கடையிலிருந்து இரவல், மறுநாள் திருப்பித் தர வேண்டும். காகிதத்திலும் கறை விழக்கூடாது, அடிப்பாகமும் தேயக்கூடாது என்பதற்காக ஸ்டைலிஸ்ட் காலணியின் அடியில் டேப் ஒட்டித் தந்தார். உயரக் குதிகால், பின்பக்கம் மெல்லிய வார். மாடல் போட்டுக்கொள்ளும்போது கொஞ்சம் நேரம் எடுத்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு லைட்டைச் சரிசெய்யப் போய்விட்டேன்.

ஐந்து மணி நேரம். நான் "இன்னும் ஒன்றே ஒன்று" என்று சொல்லும் ஆள். எல்லா போட்டோகிராஃபர்களும் சொல்வார்கள், அதை யாரும் நம்ப மாட்டார்கள். படங்களின் கோப்பு எண்களைப் பிறகு ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். முதல் "ஒன்றே ஒன்று"க்குப் பிறகு 212 படங்கள். அந்த 212-லும் அவர் முகம் ஒன்றில்கூடச் சுளிக்கவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

அன்று இரவே ரீடச் செய்ய உட்கார்ந்தேன். படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கித் துணியில் இருக்கிற நூல், தூசி எல்லாவற்றையும் ஒன்றொன்றாக எடுப்பது வழக்கம். வலது குதிகாலுக்கு வந்தேன். வார் பட்ட இடத்தில் தோல் உரிந்து, சிவந்து, வாரின் உட்புறத்தில் கோடாக ரத்தம். போட்டோஷாப்பில் கறையை அழிக்கிற ஹீலிங் பிரஷ்ஷை அளவு கூட்டி மூன்று முறை தொட்டேன். போயிற்று. நான்கு விநாடி ஆகியிருக்கும். அடுத்து பாவாடை விளிம்பில் ஒரு நூல் இருந்தது, அதையும் எடுத்தேன். இரண்டுக்கும் ஒரே கை, ஒரே கவனம். சேமித்துவிட்டுத் தூங்கிவிட்டேன், நன்றாகவே தூங்கினேன்.

மூன்றாம் நாள் ஸ்டைலிஸ்ட் கூப்பிட்டார். காலணியின் உள்ளே கறை, கடையில் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கிறார்கள், யார் காசு கொடுப்பது? டிசைனர், ஸ்டைலிஸ்ட், நான் மூவரும் முக்கால் மணி நேரம் பேசினோம். மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று முடிவானது. போனை வைத்த பிறகுதான், அந்த முக்கால் மணி நேரத்தில் கால் என்ற சொல்லை யாரும் சொல்லவே இல்லை என்பது எனக்கு உறைத்தது. நானும் சொல்லவில்லை. அத்தனைக்கும் அந்தக் காயத்தைப் பெரிதாக்கிப் பார்த்த ஒரே ஆள் நான்.

வெள்ளைப் பட்டை சரியாக விழவில்லை என்று வருத்தப்பட்டவரைக் கண்கொத்திப் பாம்பு என்று வியந்தேன் அல்லவா, அதுதான் உறுத்தியது. எங்களுக்குக் கண் கூர்மைதான். எதைப் பார்ப்பதற்குக் கூர்மை என்பதுதான் கேள்வி.

மாடலைக் கூப்பிட்டேன். "ஏன் சொல்லவில்லை" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியே எவ்வளவு அசட்டுத்தனம் என்று பட்டது. அவர் கோபப்படவில்லை. "சொன்னால் கஷ்டமான ஆள் என்று பெயர் வரும்" என்றார். அப்புறம் படம் எப்படி வந்திருக்கிறது என்று விசாரித்தார். நன்றாக வந்திருக்கிறது என்றேன். உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது. என் போர்ட்ஃபோலியோவில் இன்னும் ஐந்தாவது பக்கத்தில் இருக்கிறது, எடுக்க மனம் வரவில்லை.

பிப்ரவரி 12, காலை 10.00

நேற்றைய குறிப்புக்கு "ரீடச்சிங்கைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும்" என்று நாலைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். சட்டம் உண்டு. பிரான்சில் 2017 அக்டோபர் 1 முதல், விளம்பரத்தில் மாடலின் உடலைக் கணினியில் மெலிதாக்கினாலோ பருமனாக்கினாலோ 'ரீடச் செய்த படம்' என்று போட வேண்டும், மீறினால் 37,500 யூரோ அபராதம். மாடலுக்கு மருத்துவச் சான்றும் கட்டாயம். நார்வேயில் 2022 ஜூலை முதல் தோலைத் திருத்தினாலும் குறியிட வேண்டும்.

நல்ல சட்டங்கள்தான். ஆனால் முதுகில் ஏழு கிளிப் போட்டதற்குக் குறி கிடையாது. தரையோரம் உட்கார்ந்து எடுத்துக் காலை நீளமாகக் காட்டியதற்கும் கிடையாது. கணினியைத் தொடாமலே பொய் சொல்ல எங்களுக்குத் தெரியும். நான் அழித்த காயத்துக்குக் குறி போட்டிருந்தாலும் அது படம் பார்ப்பவருக்குத்தான் சேதி, நின்றவரின் காலுக்கு மருந்து ஆகாது.

பிப்ரவரி 12, காலை 10.20

ஏ.ஐ. வந்துவிட்டதே, இனி மாடலும் வேண்டாம் நீங்களும் வேண்டாம் என்று சிரித்தவருக்கு: சிரியுங்கள். எச் அண்ட் எம் என்ற துணி நிறுவனம் 2025-ல் 30 மாடல்களுக்கு டிஜிட்டல் இரட்டை, அதாவது கணினியில் அவர்களைப் போலவே ஓர் உருவம், செய்யப்போவதாக அறிவித்தது. அதே வருடம் ஆகஸ்ட் அமெரிக்க வோக்கில் கெஸ் நிறுவன விளம்பரத்தில் வந்த பெண் பிறக்கவே இல்லை. நியூயார்க்கில் மாடலின் டிஜிட்டல் பிரதியை உருவாக்கவோ பயன்படுத்தவோ அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்ற சட்டம் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது.

அந்தப் பெண்ணுக்குக் குதிகாலில் காயம் வராது. நூறு காலணி மாட்டலாம். முதலில் எனக்கு இது ஒரு நிம்மதி மாதிரிகூடத் தோன்றியது. அப்புறம் நினைத்தேன், ஏரிக்கரையில் வாயில் ஐஸை வைத்துக்கொண்டு நின்றவருக்கு அந்த மாத வாடகையை யார் கொடுப்பார்கள்?

பிப்ரவரி 14, இரவு 8.00

கேள்வி கேட்டவரே, இரண்டு வாரமாக ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறீர்கள். ஒரு சின்னப் பரீட்சை. கண்ணாடி முன் நில்லுங்கள். எடை முழுக்கப் பின்காலில். இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள். தோளை இறக்குங்கள். கழுத்தை மேலே நீட்டி, தாடையை ஆமை மாதிரி முன்னால் கொண்டுவந்து லேசாக இறக்குங்கள். விரல்களைத் தளர்த்துங்கள், நகம் கண்ணாடிக்குத் தெரியக்கூடாது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்துங்கள். இப்போது கஷ்டப்படாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு நிமிடம்.

பிப்ரவரி 14, இரவு 8.40

மூன்று நிமிடம் நாற்பது விநாடியாம். கழுத்து பிடித்துக்கொண்டதாம். மனைவி பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிடவா என்று கேட்டாராம். நேர்மையாக எழுதியதற்கு முழு மதிப்பெண். ஆமை மாதிரி என்று சொன்னால் எல்லோரும் ஆமையின் முகத்தையும் சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள், அது என் விளக்கத்தின் குறை.

மார்ச் 1, இரவு 9.15

கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வரவில்லை, வேலை. அடுத்த வாரம் மறுபடி காலணியோடு ஒரு ஷூட், அதே மாடல். இந்த முறை கால் ஷீட்டோடு ஒரு கேள்வியும் அனுப்பினேன்: காலணி அளவு என்ன, கார்டில் போட்டிருப்பது வேண்டாம், உண்மையான அளவு.

பதில் உடனே வரவில்லை. மறுநாள் மதியம் வந்தது. "40. கார்டில் 39 என்று இருக்கும். சாம்பிள் எல்லாம் 39-ல்தான் வரும். ஏஜென்சியிடம் சொல்லி மாற்றிவிடாதீர்கள்."

ஸ்டைலிஸ்ட்டிடம் 40 கேட்டிருக்கிறேன். யாருக்கு என்று சொல்லவில்லை.